மூடுபனியும் மஞ்சட் கதைகளும்: ஓர் ஒப்பியல் நோக்கு

கலைஞன் ஒருவனை அவன் பிறந்த மண்ணில் நின்று விமர்சிப்பது எளிதான காரியமன்று. பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவர். புனித மிக்கேல் கல்லூரியின் மாணவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று தென்னிந்தியத் திரையுலகிற் புகுந்து, 2014இல் மறையும்வரை ஒளிப்பதிவாளராகவும் நெறியாளராகவும் விளங்கியவர். அமிர்தகழி தொடக்கம் தெற்கே களுவாஞ்சிக்குடி, கல்லாறு வரை கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் அவர் பெயர் பேசப்படும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் முன்கூட்டியே ஆயத்தமாக நிற்கின்றன. 'இந்த வாவிக்கரை ஈன்ற மாமேதை' என்பது ஒன்று. இது விழா மேடைக்கு உரியது. 'அவருடைய மூடுபனி, ஹிட்ச்கொக்கின் சைக்கோவைப் பார்த்து எடுத்தது' என்பது மற்றையது. இது வாசிகசாலைத் திண்ணைக்கு உரியது. முதலாவது தீர்ப்பை வழங்குவதற்குப் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவதற்கு இரு படங்களின் கதைச் சுருக்கம் தெரிந்தாற் போதும்.

இரண்டுமே திரைப்பட விமர்சனமாகா. ஒரு படம் இன்னொரு படத்தின் செல்வாக்குக்கு உட்பட்டது என்று சொல்லும்போது எது வந்து சேர்ந்தது என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும். கதை வந்ததா, அல்லது கதையைப் பார்க்கும் கண் வந்ததா? வந்தவற்றுள் ஏற்கப்பட்டது எது, மறுக்கப்பட்டது எது? கொலையைப் பொருளாகக் கொண்ட படங்களைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் உத்தி பற்றியதன்று. கமரா யாருடைய கண்ணாக நிற்கின்றது என்பதே அங்கு யாருடைய உயிருக்கு மதிப்புண்டு என்பதைத் தீர்மானிக்கின்றது.

இதனை ஆராய்வதற்கு சைக்கோவை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்பது போதாது. சைக்கோ 1960இல் வெளிவந்தது, மூடுபனி 1980இல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஹிட்ச்கொக்கிடமிருந்து பெற்றதை மிக விரிவாகச் செலவழித்தவர்கள் இத்தாலியர். அவர்கள் உருவாக்கிய கொலைமர்மப் படங்களுக்கு 'ஜல்லோ' என்று பெயர். இச்சொல் இத்தாலிய மொழியில் மஞ்சள் நிறத்தைக் குறிப்பது. 1929இல் மொண்டடோரி என்னும் பதிப்பகம் மஞ்சள் அட்டையிட்டு மலிவு விலையில் துப்பறியும் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. அகதா கிறிஸ்ரி, எட்கார் வொலஸ் முதலியோரின் ஆங்கில நாவல்கள் அவ்வட்டைக்குள் இத்தாலியில் உலாவின. அட்டையின் நிறமே காலப்போக்கில் இலக்கிய வகையின் பெயராயிற்று. தமிழில் மர்ம நாவலுக்கு அவ்வாறு ஒரு நிறம் வாய்க்கவில்லை. எனினும் புகையிரத நிலையக் கடையில் தொங்கிய மலிவுப் பதிப்புகளின் உலகம் தமிழ் வாசகனுக்குப் புதியதன்று.

இந்த மஞ்சட் கதை திரைக்கு வந்தபோது அதன் இயல்பு மாறியது. நாவலில் முதன்மை பெற்றது துப்பறிவாளனின் அறிவு. திரையில் அவ்விடத்தைக் கொலை பிடித்துக்கொண்டது. மரியோ பாவா 1963இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், தன் தலைப்பிலேயே ஹிட்ச்கொக்கின் படப்பெயர் ஒன்றைச் சற்றுத் திருப்பி வைத்திருந்தது. அடுத்த ஆண்டிலே அவர் ஆடை அலங்கார நிலையமொன்றைக் களமாக்கி ஒரு வண்ணப்படம் எடுத்தார். முகமூடியும் கையுறையும் அணிந்த கொலையாளி ஒருவன் அழகிய பெண்களை ஒருவர்பின் ஒருவராகக் கொல்கின்றான். சிவப்பு, பச்சை, ஊதா என ஒளி சுவரெங்கும் வழிகின்றது. அந்த ஒளி எங்கிருந்து வருகின்றது என்று கேட்டால் விடையில்லை. அவ்வறையில் அத்தகைய விளக்கே கிடையாது. கொலையை அழகுபடுத்துவதன்றி அதற்கு வேறு வேலையுமில்லை. ஜல்லோவின் இலக்கணம் பெரும்பாலும் இப்படத்திலேயே அமைந்துவிட்டது எனலாம்: மறைந்த முகம், கறுப்புக் கையுறை, பெண்ணுடல், நிறம்.

இவ்விலக்கணத்தை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் டாரியோ ஆர்ஜென்ரோ. அவருடைய 1975ஆம் ஆண்டுப் படமான 'புரொபொண்டோ ரொஸ்ஸோ', அதாவது 'ஆழ்சிவப்பு', இங்கு சற்று விரிவாக நோக்கத்தக்கது. மார்க்கஸ் என்னும் ஆங்கிலேயப் பியானோ கலைஞன் இத்தாலிய நகரொன்றின் சதுக்கத்தில் இரவில் நிற்கையில், மேல்மாடி யன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைக் காண்கின்றான். ஓடிச் சென்று அவளுடைய வீட்டு நடைவழியைக் கடக்கின்றான். சுவரெங்கும் முகங்கள் தீட்டிய ஓவியங்கள். பின்னர் அவன் மனதை ஒன்று அரிக்கத் தொடங்குகின்றது: அந்நடைவழியில் தான் கண்ட ஓவியம் ஒன்று இப்போது இல்லை. படம் முழுவதும் அவன் தேடுவது அதனையே. இறுதியில் அறியவருவது என்னவெனில், அவன் கண்டது ஓவியமன்று, கண்ணாடி. அதில் தெரிந்தது கொலையாளியின் முகம். பார்வையாளனும் அம்முகத்தை முதல் முறையே பார்த்திருக்கின்றான். ஆர்ஜென்ரோ எதனையும் ஒளிக்கவில்லை. பார்க்கத் தெரியாமற் போனது பார்த்தவனின் குற்றம்.

இப்படத்தின் முன்னோர் யாவர் என்பதும் வெளிப்படையாகவே தெரிகின்றது. மார்க்கஸாக நடித்த டேவிட் ஹெமிங்ஸ், அன்ரோனியோனியின் 'புளோ அப்' படத்தில் 1966இல் புகைப்படக் கலைஞனாக நடித்தவர். தான் எடுத்த படத்துக்குள்ளே கொலை ஒன்று பதிவாகியிருப்பதைப் பின்னரே கண்டுகொள்ளும் பாத்திரம் அது. அதே நடிகரை, ஏறத்தாழ அதே இக்கட்டிலே ஆர்ஜென்ரோ மீண்டும் நிறுத்துகின்றார். சதுக்கத்தின் ஓரத்திலுள்ள மதுச்சாலை எட்வேர்ட் ஹொப்பர் 1942இல் தீட்டிய இரவுக் காட்சி ஓவியத்தை அப்படியே கட்டி எழுப்பியது போன்றது. உள்ளே இருப்போர் அசைவதுகூட இல்லை. கொலையாளியான முதிய தாயாக நடித்த கிளாரா கலமாய், 1943இல் விஸ்கொந்தியின் முதற்படத்தில் கணவனைக் கொல்லத் துணையாகும் மனைவியாக நடித்தவர். திரைப்பட வரலாற்றை அறிந்தவனுக்கு அம்முகமே ஒரு துப்பு. ஆர்ஜென்ரோ நெறியாளராவதற்கு முன் பத்திரிகையிற் திரைப்பட விமர்சனம் எழுதியவர் என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இவர் கதைகளைக் கடன்வாங்கவில்லை. பார்வைகளை வாங்கினார்; வாங்கியதை ஒளிக்காமல் சுவரிலே தொங்கவும் விட்டார்.

ஆயினும் கொலை நிகழும் கணங்களில் இவ்வளவு அறிவும் ஒரே ஒரு காரியத்துக்கே பயன்படுகின்றது. பெண் ஒருத்தி துடிப்பதை எத்தனை கோணத்தில் அழகாகக் காட்டலாம் என்பதே அக்காரியம். கறுப்புக் கையுறைக்குள் இருந்தவை பெரும்பாலும் நெறியாளரின் சொந்தக் கைகளே என்பது இத்திரைப்படங்களின் ரசிகர்கள் மகிழ்ச்சியோடு சொல்லும் செய்தி. அது மகிழ்ச்சிக்குரிய செய்திதானா என்பதில் ஐயம் உண்டு.

தமிழ்த் திரைக்கு வருவோம். கொலைமர்மம் இங்கு புதிதன்று. பாடல்களே இன்றி 1954இல் வெளிவந்த எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்', ஒரே கொலையைப் பலர் வாயிலாகச் சொல்லிப் பார்த்தது. ஏ. சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' 1967இல் முகமூடிக் கொலையாளியையும் பெரிய வீட்டையும் வண்ணத்தையும் ஒன்றுசேர்த்தது. பாவாவின் உலகத்துக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. எனினும் அது குடும்பக் கதையின் வேலிக்குள்ளேயே நின்றுகொண்டது. 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தபோதுதான் கொலையாளியே கதாநாயகனாகத் தமிழ் ரசிகனுக்கு முன் நின்றான். கமல்ஹாசன் நடித்த திலீப் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கின்றான். மேலே ரோஜாக்கள் பூக்கின்றன. அவனை வளர்த்த முதியவர் அக்கொலைகளின் பதிவைத் திரையிட்டுப் பார்த்துக் களிக்கின்றார். இம்முதியவர் பாத்திரம் நெறியாளர் தாம் உணர்ந்தே வைத்த கண்ணாடியாயின், அது தமிழ்ச் சினிமாவின் மிகத் துணிச்சலான கண்ணாடிகளுள் ஒன்று. அரங்கில் இருந்து அதே காட்சியைக் காசு கொடுத்துப் பார்ப்பவன் தன்னை அதிற் காணவேண்டும். ஆனால் படம் அவ்விடத்தில் தங்கவில்லை. திலீப்பின் வெறுப்புக்குக் காரணம் அவன் சிறுவயதில் ஒரு பெண் சுமத்திய பழி என்றும், முதியவரின் வெறுப்புக்குக் காரணம் மனைவியின் துரோகம் என்றும் சொல்லி, குற்றத்தின் வேரைப் பெண்களின் வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகின்றது.

இத்தாலியிலிருந்து நேரே தமிழுக்கு வந்த படம் ஒன்றும் உண்டு. லூச்சியோ புல்ச்சி 1977இல் எடுத்த ஜல்லோவில், வெர்ஜீனியா என்னும் பெண்ணுக்கு நிகழாத இடத்தில் நின்றே மரணங்கள் மனக்கண்ணில் தெரிகின்றன. கணவனின் பழைய மாளிகைச் சுவரை இடித்து எலும்புக்கூட்டைக் கண்டெடுக்கின்றாள். கணவன்மீது பழி விழுகின்றது. தான் கண்டது நடந்துமுடிந்த கொலையன்று, இனி நிகழவிருக்கும் தன் சாவே என்பது அவளுக்குக் காலந்தாழ்த்தித் தெரிகின்றது. மணிவண்ணனின் 'நூறாவது நாள்' 1984இல் இக்கதையைத் தமிழுக்குக் கொணர்ந்தது. புல்ச்சியின் படம் மெதுவாக நகர்வது, காலத்தைப் பற்றியது, கைக்கடிகாரத்தின் ஏழு சுரங்களில் முடிவது. தமிழ்ப் படம் வேகத்தை நம்பியது.

கதை முழுவதும் வந்துசேர்ந்த இப்படத்திலே வியக்கத்தக்கவை இரண்டே. அவ்விரண்டும் இத்தாலியிலிருந்து வந்தவையல்ல. ஒன்று, மழித்த தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் தோன்றும் தோற்றம். மற்றையது இன்னும் நுட்பமானது. கணவனாக நடித்தவர் மோகன். 1982இன் 'பயணங்கள் முடிவதில்லை'க்குப் பின் மென்மையான பாடகனாக இல்லந்தோறும் அறியப்பட்டவர். அம்முகத்தின்மீது ரசிகனுக்கு இருந்த நம்பிக்கையையே மணிவண்ணன் முகமூடியாக்கினார். வெர்ஜீனியாவின் கணவனை இத்தாலிய ரசிகன் சந்தேகித்திருக்கலாம். மோகனைத் தமிழ் ரசிகன் சந்தேகிப்பதற்கு அவன் கேட்ட பாடல்கள் எல்லாம் தடையாக நின்றன. தழுவல் என்று ஒரே சொல்லால் இப்படத்தை ஒதுக்குவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

இவற்றின் நடுவே 1980 நவம்பரில் வெளிவந்தது மூடுபனி. ராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தளர்வாகத் தழுவியது; கதை, சந்துரு என்னும் இளைஞனுடையது. தந்தையின் ஒழுக்கக்கேட்டினால் தாய் பட்ட துன்பத்தைச் சிறுவயதிற் கண்டு வளர்ந்தவன், பெங்களூரில் விலைமாதரைக் கொன்று வருகின்றான். ரேகா என்ற பெண்ணிடம் தாயின் சாயலைக் காண்கின்றான். அவளுக்கு வேறொருவனோடு திருமணம் நிச்சயமாகியிருக்க, அவளைக் கடத்தி ஊட்டியில் தனித்த வீடொன்றில் வைத்திருக்கின்றான். பிரதாப் போத்தன் சந்துருவாகவும் ஷோபா ரேகாவாகவும் நடித்தனர். மேற்சொன்ன மோகன் இதிலே புகைப்படக்காரன். படம் திரைக்கு வந்தபோது ஷோபா உயிரோடில்லை. அவ்வாண்டு மே மாதமே மறைந்துவிட்டார். 'பசி'யில் நடித்துத் தேசிய விருது பெற்ற அந்நடிகையைப் பனிக்குள் காண்பவர் எவர்க்கும் இச்செய்தியை மறந்து பார்ப்பது கடினமாகவே இருந்திருக்கும்.

தாய், மகன், கொலை என்று கூட்டிப் பார்த்தால் சைக்கோ கிடைப்பது உண்மைதான். ஆனால் ஹிட்ச்கொக் தம் கொலையாளி யார் என்பதை இறுதிவரை மறைக்கின்றார். பாலு மகேந்திரா மறைக்கவில்லை. படத்தின் பிற்பாதி சைக்கோவைவிட, பெண்ணொருத்தியைச் சிறைவைத்து அவளுடைய அன்புக்காகக் காத்திருக்கும் இளைஞனைப் பற்றி வில்லியம் வைலர் 1965இல் எடுத்த 'த கலெக்ரர்' படத்துக்கே உறவானது. சைக்கோவையே சொல்லிக்கொண்டிருப்போர் இந்தப் பாதியைப் பார்த்தனரா என்றே கேட்கத் தோன்றுகின்றது.

ஜல்லோவோடு ஒப்பிடும்போதுதான் மூடுபனியின் தனித்தன்மை தெளிவாகின்றது. ஆழ்சிவப்பிலும் குழந்தையொன்று பெற்றோருக்கிடையே நிகழும் வன்முறையைக் காண்கின்றது. சுவரில் நிழல், தரையில் விழும் கத்தி, அதன் அருகே வந்து நிற்கும் சிறு சப்பாத்துகள், பின்னணியிற் குழந்தைப் பாட்டு. இரு படங்களுக்கும் வித்து ஒன்றே. ஆனால் ஆர்ஜென்ரோ முகத்தை மறைத்துக் காயத்தைக் காட்டுகின்றார். பாலு மகேந்திரா முகத்தைக் காட்டிவிட்டுக் காயத்திலிருந்து விலகிச் செல்கின்றார். ஒருவர் கேட்பது 'இவன் யார்' என்பது. மற்றவர் கேட்பது 'இவன் ஏன் இவ்வாறானான்' என்பது.

இரண்டாவது வினா மட்டக்களப்பு ரசிகனுக்குப் பழக்கமானது. வடமோடியாயினும் தென்மோடியாயினும் களரியைச் சுற்றி விடியும்வரை அமர்ந்திருப்பவன், அபிமன்யு மாளப்போகின்றான் என்பதைக் கொலு வரவுக்கு முன்னரே அறிவான். யார் கொன்றது என்பது அவனுக்குப் புதிரன்று. அறிந்த முடிவை நோக்கி அண்ணாவியாரின் மத்தளம் எவ்வாறு இட்டுச் செல்கின்றது என்பதிலேயே அவன் விழித்திருக்கின்றான். ஹிட்ச்கொக்கும் திடீர் அதிர்ச்சியைவிட முன்னறிந்த அச்சமே மேலானது என்று வலியுறுத்தியவர். அதற்கு அவர் மேசைக்கடியிலுள்ள குண்டை உதாரணங் காட்டினார். இதனைக் கொண்டு மூடுபனிக்குக் கூத்தே மூலம் என்று நிறுவ முயல்வது நகைப்புக்கிடமாகும். சொல்லக்கூடியது இவ்வளவே: கொலையாளியை முன்பே காட்டிவிட்டாரே என்று சலித்துக்கொள்ளும் ரசிகன், கூத்துக் களரியில் அவ்வாறு சலித்துக்கொள்வதில்லை.

அதேபோல, வாவியின் விடியல் ஒளியே பாலு மகேந்திராவின் ஆசான் என்ற பேச்சும் ஆராயப்படாதது. களுவாஞ்சிக்குடிக்கு அண்மையிற் குருமண்வெளித் துறையில் மார்கழி விடியலில் நின்று மண்டூர்ப் பக்கம் பார்ப்பவனுக்கு அக்கரை தெரியாமற் போவதுண்டு. நீரும் வானும் ஒரே சாம்பல் நிறமாகி, ஓடம் எதன்மீது வருகின்றதென்று தெரியாது. அக்காட்சி அழகானது. ஆனால் அழகான காட்சிகளைக் கண்டு வளர்ந்தோர் எல்லோரும் ஒளிப்பதிவாளராவதில்லை. பள்ளி மாணவனாக இருந்த காலத்தில், இலங்கையிற் படமாக்கப்பட்ட 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பிலே டேவிட் லீன் மழையென்று கட்டளையிட மழை பெய்ததைக் கண்டதே தம்மைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவரே பலமுறை கூறியுள்ளார். அது இயற்கையின் மழையன்று, குழாய் மழை. இயற்கை ஒளியின் கலைஞர் என்று புகழப்பட்டவரைச் சினிமாவுக்கு அழைத்தது செயற்கை மழை என்பது சுவையான முரண். ஒளியை அவருக்குக் கற்பித்தது புனே. அதைக் கையாளும் துணிவைத் தந்தவை 1974இன் 'நெல்லு' முதலிய மலையாளப் படங்களில் அவர் ஆற்றிய ஒளிப்பதிவுப் பணிகள்.

அவ்வொளியின் ஒழுங்கை மூடுபனியில் நன்கு காணலாம். பாவாவின் அறையில் ஒளிக்கு மூலமில்லை என்று மேலே கூறப்பட்டது. பாலு மகேந்திராவின் அறையிலோ யன்னல் இருக்கும் பக்கத்திலிருந்தே ஒளி வரும். விளக்கு எரிந்தால் அவ்விளக்கு எட்டும் தூரமே தெரியும். மிகுதி இருளாகவே விடப்படும். இதனால் அச்சத்தின் இயல்பும் வேறுபடுகின்றது. ஜல்லோவின் சிவப்பு ஒளியில், இது நாடகம் என்ற ஆறுதல் பார்வையாளனுக்கு உண்டு. ஊட்டி வீட்டின் யன்னல் வெளிச்சத்தில் அவ்வாறுதல் கிடையாது. அது எவருடைய வீடாகவும் இருக்கலாம். பனியும் வெறும் அலங்காரமன்று. தொலைவு தெரியாத வெளியிலே சிறைக்குச் சுவர் தேவைப்படுவதில்லை. ரேகா வாசலில் வந்து நின்றாலும் ஓடுவதற்குத் திசையில்லை என்பதைச் சொற்களின்றிச் சொல்லிவிடுகின்றது பனி. நெறியாளரும் ஒளிப்பதிவாளரும் ஒருவரே ஆனதன் பயன் இவ்விடங்களில் வெளிப்படை.

இசையிலும் இத்தகைய வேறுபாடே காணப்படுகின்றது. ஆர்ஜென்ரோவுக்குக் 'கொப்லின்' குழுவினர் தந்த இசை, கொலை வருகின்றது என்று முரசறைந்து அறிவிப்பது. சிகப்பு ரோஜாக்களுக்கும் நூறாவது நாளுக்கும் இளையராஜா அமைத்த பின்னணி இசை ஓரளவு இவ்வழியிலே செல்வது. இரண்டிலும் அவர் அதனைத் திறம்படச் செய்திருக்கின்றார். அவருடைய நூறாவது படமாகிய மூடுபனியில் அவரே அடங்கி ஒலிக்கின்றார். கடத்தி வந்த பெண்ணின் முன்னே சந்துரு கிற்றாரோடு பாடும் பாடல் யேசுதாஸின் குரலில் மிக இனிமையாக ஒலிப்பது. படத்திலிருந்து பிரிந்து வானொலியிற் காதற் பாடலாகவே பல்லாண்டு வாழ்ந்தது. படத்துக்குள்ளே கேட்டால் அவ்வினிமையே அச்சத்துக்குரியது. பாடுபவனுக்கு அது காதல். கேட்பவளுக்கு அது பூட்டிய கதவு. ஷோபாவின் முகத்தைப் பாராமற் செவியால் மட்டும் அப்பாடலை அனுபவித்தவர்கள், சந்துருவின் பக்கத்திலேயே இருந்து அதனைக் கேட்டவர்களாகின்றனர்.

இவ்விடத்திலேதான் படத்தின்மீது சொல்லவேண்டிய குறையும் தொடங்குகின்றது. கண் முழுவதும் சந்துருவின் பக்கம் இருக்கின்றது. அவனுடைய புண் நமக்குத் தெரிகின்றது. பாலு மகேந்திரா அதனை மிகப் பரிவோடு காட்டுகின்றார். சிகப்பு ரோஜாக்கள் குற்றத்தைப் பெண்மீது சுமத்தியதுபோல் இப்படம் சுமத்தவில்லை. தீங்கின் தொடக்கம் தந்தையே என்பதைத் தெளிவாகவே சொல்கின்றது. எனினும் தந்தை செய்த குற்றத்துக்கு மகன் வழங்கும் தண்டனை விலைமாதருக்கே போய்ச் சேர்கின்றது. இம்முரணைப் படம் அறிந்திருக்கின்றது. ஆனால் அதன்முன் நிற்காமற் கடந்து செல்கின்றது. பெங்களூர்த் தெருவில் அவனோடு காரில் ஏறிய பெண்கள் எங்கிருந்து வந்தனர், எவ்வறுமை அவர்களை அங்கு நிறுத்தியது, அவர்களுக்குக் குழந்தைகள் உண்டா என்பன பற்றிப் படம் சொல்வது மிகக் குறைவு. ரேகாவின் உயிருக்காக நெஞ்சு பதைக்கின்றது. அவர்களுடைய உயிர் கதை தொடங்குவதற்கான செலவாகவே கணக்கிடப்படுகின்றது. குலமகள் காப்பாற்றப்பட வேண்டியவள், விலைமகள் சாகக்கூடியவள் என்ற நடுத்தர வர்க்க மதிப்பீடு, ஜல்லோவின் நிறங்களை மறுத்த அதே படத்தினுள் ஒரு கீறலுமின்றி அமர்ந்திருக்கின்றது. இத்தாலியர் காயத்தைக் காட்டி அப்பெண்களை அவமதித்தனர் என்றால், காயத்தைக் காட்டாமல் விடுவதாலும் ஒருத்தி மறக்கப்பட முடியும் என்பதற்கு மூடுபனி சான்று.

இக்குறையை உணர்வதற்கு மேலைநாட்டுக் கோட்பாடுகளைத் தேடவேண்டியதில்லை. களுவாஞ்சிக்குடிக்கு அண்டையிலுள்ள செட்டிபாளையம் முதலாக இப்பிரதேசத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் வழக்குரை பாடப்பட்டுக் குளிர்த்தி நடைபெறுகின்றது. அங்கும் கதை, கணவனால் துன்புற்ற ஒரு பெண்ணைப் பற்றியதே. ஆனால் அவளுடைய சினத்தை வேறு எவரும் அவளுக்காகச் சுமப்பதில்லை. அவளே வழக்குரைக்கின்றாள், குற்றஞ் செய்த அரியணையை நோக்கியே அச்சினம் செல்கின்றது, கணவன் நாடிச்சென்ற மாதவியின் வீட்டு வாசலுக்கு அது செல்லவில்லை. எரித்த பின் அவளைக் குளிர்விக்க ஊரே நீரோடு கூடுகின்றது. மூடுபனியின் தாய்க்கு வாய் இல்லை. அவளுடைய வழக்கைக் கையில் எடுத்துக்கொண்ட மகன், அரியணையை விட்டு மாதவிகளைத் தேடிச் செல்கின்றான். படம் முழுவதும் பனி பெய்கின்றது, எவரும் குளிர்ந்தாரில்லை.

1980களிலே இப்படங்கள் யாவும் வீடியோ ஒளிநாடாக்களாகவே கிழக்கிலங்கையின் பல கிராமங்களை அடைந்தன. தொலைக்காட்சிப் பெட்டியும் 'டெக்'கும் வாடகைக்கு வந்திறங்கும்; முற்றத்திலே பாய் விரித்து ஊர் கூடும்; விடிவதற்குள் மூன்று நான்கு படங்கள் ஓடும். பிரதியிலிருந்து பிரதி எடுத்துத் தேய்ந்த அந்நாடாக்களில் நூறாவது நாள் பெரிதும் தப்பிப் பிழைத்தது. அதன் மழித்த தலையும் வட்டக் கண்ணாடியும் எந்தத் தேய்விலும் அடையாளந் தெரிந்தன. மூடுபனிக்கு அந்நல்லூழ் இல்லை. யன்னல் ஓரத்து மெல்லொளியை நம்பி எடுக்கப்பட்ட காட்சிகள் நாடாவில் வெறும் கறுப்பாயின. பனி வெண்புள்ளிகளாகச் சிதறியது. முற்றத்தில் இருந்தோருக்கு மிஞ்சியது கதை மட்டுமே. 'சைக்கோவைப் பார்த்து எடுத்தது' என்ற திண்ணைத் தீர்ப்பு வேரூன்றியதற்கு அந்நாடாக்களும் ஒரு காரணமாகலாம். கண் அழிந்து கதை எஞ்சிய பிரதியைப் பார்த்தவர்கள் கதையைக் கொண்டுதானே தீர்ப்புச் சொல்ல முடியும்? இன்று ஓரளவு தெளிவான பிரதிகள் கிடைக்கின்றன. ஊட்டி வீட்டின் யன்னலும் ரேகாவின் முகமும் அவற்றில் நன்றாகவே தெரிகின்றன. முற்பகுதியிற் கொல்லப்படும் பெண்களின் முகங்களும் தெரிகின்றன. ஆனால் கமரா அவர்களைக் கடந்து, சந்துருவின் காரோடு போய்விடுகின்றது.